டார்ச் லைட்டுக்கு லித்தியம் பாட்டரி: எதை வாங்குவது, எப்படிக் காப்பது?

இரவு முறையில் மின்சாரம் வரும் ஊர்களில், மோட்டாரைப் போடவும் மடை திருப்பவும் போகும் விவசாயிக்குக் கையிலுள்ள டார்ச் லைட்தான் துணை. வரப்பில் குறுக்கே கிடப்பது பழைய கயிற்றுத் துண்டா, கட்டுவிரியனா என்பதை அந்த வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அது கடித்த இடத்தில் பெரிதாக வலிகூட இருக்காது. எறும்பு கடித்தது, முள் குத்தியது என்று எண்ணி வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே பாதி வழியில் அணைந்துபோகும் டார்ச் லைட்டைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகாலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும், காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

முன்பெல்லாம் டார்ச் லைட் என்றால் இரண்டு கட்டை, மூன்று கட்டை என்றுதான் பேச்சு. கட்டை தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். பிறகு கரண்டில் சொருகி சார்ஜ் ஏற்றும் ஈய-அமில பாட்டரி டார்ச்சுகள் வந்தன. இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது லித்தியம் பாட்டரி போட்ட எல்.இ.டி. டார்ச். எடை குறைவு, வெளிச்சம் அதிகம், மாதக்கணக்கில் சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. இத்தனை அனுகூலங்கள் இருந்தும் ஒரு தொல்லை இருக்கிறது. பார்வைக்கு லித்தியம் செல் பழைய கட்டையைப் போலவே இருப்பதால், கட்டையை நடத்திய விதமாகவே இதையும் நடத்துகிறார்கள். பெரும்பாலான விபத்துகளும், ஆறே மாதத்தில் பாட்டரி செத்துப்போவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

பழைய பழக்கங்கள் ஆகா

தீர்ந்துபோன கட்டையை வெயிலில் காயவைத்தால் இன்னும் இரண்டு நாள் எரியும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். அந்தக் கட்டைக்கு அது ஓரளவு பலித்தது உண்மைதான். லித்தியம் செல்லை ஒருபோதும் அப்படிச் செய்யக்கூடாது. அதேபோல் கட்டையைக் கல்லில் தட்டுவது, பல்லால் கடித்து நசுக்கிப் பார்ப்பது, டார்ச்சுக்குள் சற்று இறுக்கமாக இருந்தால் கத்தியால் மேலுறையைச் சீவி உள்ளே தள்ளுவது ஆகியவற்றையும் அடியோடு மறந்துவிட வேண்டும்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் இது மனதில் நிற்கும். லித்தியம் செல்லுக்குள் ஒரு செப்புத் தகட்டின் மேல் கிராபைட்டும், ஓர் அலுமினியத் தகட்டின் மேல் உலோக ஆக்சைடும் பூசப்பட்டு, இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் திரை ஒன்று வைக்கப்பட்டுப் பாயைப் போலச் சுருட்டப்பட்டிருக்கும். இடையில் ஊறியிருக்கும் கரைசல் எளிதில் தீப்பற்றக்கூடியது. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கிராபைட் பக்கம் போகின்றன. டார்ச் எரியும்போது திரும்பி வருகின்றன. நசுங்கியோ சூடேறியோ அந்தத் திரை கிழிந்தால் இரு தகடுகளும் உள்ளேயே உரசிக்கொள்ளும். அதனால் சூடு, சூட்டினால் ஆக்சைடு சிதைந்து பிராணவாயு வெளிவரும், அதனால் மேலும் சூடு. ஓர் எல்லையைத் தாண்டியபின் அதை நிறுத்த முடியாது. செல் சீறிக்கொண்டு புகையும் தீயும் கக்கும். டார்ச்சின் உலோகக் குழாய்க்குள் இது நடந்தால் குழாயே வெடிக்குண்டு போல ஆகிவிடக்கூடும்.

எண்ணைப் படிக்கும் விதம்

செல்லின் மேல் 18650 என்று போட்டிருப்பதைப் பலர் அதன் சக்தி என்று நினைக்கிறார்கள். அது அளவைத்தான் குறிக்கிறது. குறுக்களவு 18 மி.மீ., நீளம் 65 மி.மீ., கடைசி பூஜ்யம் உருளை வடிவம் என்பதற்காக. இதேபோல் 21700 என்றால் குறுக்கே 21 மி.மீ., நீளம் 70 மி.மீ. 32700 என்றால் குறுக்கே 32 மி.மீ.; பார்வைக்குப் பழைய பெரிய கட்டையைப் போலவே இருக்கும். ஆனால் கட்டையைவிடச் சற்று நீளம். பழைய டார்ச்சில் திணித்தால் பொருந்தாது. பொருந்தினாலும் பல்பு போய்விடும்.

இவற்றில் 14500 என்ற சிறிய செல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது ரேடியோவுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடும் சிறு செல்லின் அளவேதான். ஆனால் அது 1.5 வோல்ட், இது 3.7 வோல்ட். வீட்டில் பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிட்டால் கடிகாரமும் ரிமோட்டும் பாழாகும். சாதாரண செல்லை லித்தியம் சார்ஜரில் சொருகினாலும் ஆபத்து; அது பொங்கி ஒழுகும், சில சமயம் வெடிக்கவும் கூடும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வோல்ட். செல்லின் மேல் 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று இருந்தால் அது சாதாரண லித்தியம்-அயன் வகை. முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். 3.2 வோல்ட் என்று இருந்தால் அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. சார்ஜ் ஏற்றி முடிக்கும்போது 3.65 வோல்ட். வாங்குகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டில் எது என்பதைத்தான்.

இரண்டில் எது நல்லது?

சாதாரண வகை 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிப்படையான ஆராய்ச்சிகளைச் செய்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இரும்பு பாஸ்பேட் வகையும் அதே குட்இனஃப் குழுவினர் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்டு 1997-இல் வெளியிட்டதுதான். இரும்பும் பாஸ்பேட்டும் உழவர்களுக்குப் புதிய சொற்கள் அல்ல. இதில் பிராணவாயு, மணிச்சத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் பிரிந்து வராது. ஆகவே மேலே சொன்ன சங்கிலித் தொடர் இதில் தொடங்குவது கடினம். தீயே பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. கரைசல் இதிலும் எரியக்கூடியதே. ஆனால் வெயிலிலும் தகரக் கொட்டகையிலும் அடிபடும் விவசாய வேலைக்கு இதுவே பாதுகாப்பானது.

ஆயுளிலும் இதுவே மேல். சாதாரண வகை 300 முதல் 500 தடவை முழுதாக ஏற்றி இறக்கியதும் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். இரும்பு பாஸ்பேட் வகை அந்த நிலையை அடைய 2,000 தடவை வரை தாங்கும். தினம் ஒரு தடவை முழுதாகத் தீர்த்து ஏற்றுகிறவருக்கு முதலாவது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. இரண்டாவது ஐந்து ஆண்டுக்கு மேல். விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கணக்குப் பார்த்தால் நட்டமில்லை.

குறையும் உண்டு. அதே பருமனில் இது கொள்ளும் மின்சாரம் குறைவு. 18650 அளவில் சாதாரண செல் 3,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் என்றால், இரும்பு பாஸ்பேட் செல் 1,500 அளவில்தான் கொள்ளும். அதாவது ஒன்று 10.8 வாட்-மணி, மற்றது 4.8 வாட்-மணி. பாதிக்கும் குறைவு. எனவே இரும்பு பாஸ்பேட் வேண்டுமானால் பெரிய செல் போட்ட டார்ச்சாக வாங்க வேண்டும். 32700 அளவில் 6,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் செல்கள் கிடைக்கின்றன. சூரிய ஒளி விளக்குகளில் போடுவதும் இதையே. இதில் 19.2 வாட்-மணி இருப்பதால், ஒரு வாட் எல்.இ.டி. விளக்கு வீணாகும் மின்சாரம் போக இரண்டு இரவுக்குத் தாராளமாக எரியும். கையில் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். மடை திருப்பப் போகிறவருக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டல்ல. தலையில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்து பூப்பறிக்கும் பெண்களுக்கு அது சரிப்படாது. அவர்களுக்கு எடை குறைந்த 18650 செல் போட்ட தலை டார்ச்சே ஏற்றது.

தட்டான் தராசு பொய் சொல்லாது

கடைகளிலும் தபால் வழி வியாபாரத்திலும் 18650 செல்களின் மேல் 6,800 என்றும் 9,900 என்றும் எண் போட்டு விற்கிறார்கள். இவை அப்பட்டமான பொய். இந்த அளவுள்ள செல்லில் பெயர் பெற்ற நிறுவனங்கள் தருவது பெரும்பாலும் 2,500 முதல் 3,500 வரைதான். 4,000-க்கு மேல் எண்ணைக் கண்டால் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். 21700 அளவில் 5,000 என்பது நம்பத்தக்கது. பெரிய எண் போட்டால் பெரிய விலை சொல்லலாம் என்பதே இந்த வியாபாரத்தின் ரகசியம். இப்படிப் பொய் எண் போட்டவற்றில் சில, உள்ளே 1,000-கூட கொள்ளாதவை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை போடுவது. உள்ளே சரக்கு இருந்தால்தான் மின்சாரம் கொள்ளும். சரக்குக்கு எடை உண்டு. நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். 21700 செல் 70 கிராம் அளவில் இருக்கும். 32700 அளவில் 6,000 என்று போட்ட இரும்பு பாஸ்பேட் செல் 140 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். நகைக் கடைத் தராசில் போட்டுப் பார்க்கும்போது 18650 செல் 35 கிராமோ அதற்கும் குறைவோ காட்டினால், உள்ளே பாதி வெற்றிடம் அல்லது சிறிய செல்லைப் பெரிய உறைக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எடை சரியாக இருப்பதால் மட்டும் செல் நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் எடை குறைந்த செல் நல்லதாக இருக்கவே முடியாது.

இன்னொரு மோசடி, பழைய மடிக்கணினி பாட்டரிகளைப் பிரித்து, உள்ளிருக்கும் செல்களுக்குப் புது உறை போட்டு விற்பது. இவற்றில் எடை சரியாகவே இருக்கும். முனையில் பற்றவைப்பைப் பிய்த்த வடுக்களும் சுரண்டிய அடையாளங்களும் தெரிகின்றனவா என்று உறையின் ஓரத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். பெயர் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்கள் பல, தங்கள் செல்லைத் தனியாகப் பொதுமக்களுக்கு விற்பதே இல்லை. பாதுகாப்புச் சுற்றோடு கூடிய பாட்டரித் தொகுப்பு செய்கிறவர்களுக்குத்தான் தருகின்றன. ஆகவே அந்தப் பெயர்களை அச்சிட்டு மலிவாகச் சில்லறையில் கிடைப்பதைச் சந்தேகத்தோடு பார்ப்பதே சரி.

இந்தியாவில் விற்கப்படும் லித்தியம் செல்களுக்கும் பாட்டரிகளுக்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதைக் கைப்பேசியில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் பார்த்துக்கொள்ளலாம். எண்ணை அடித்தால் நிறுவனத்தின் பெயர் வரும். பாட்டரியில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பாதுகாப்புச் சுற்று உள்ளதா?

கழற்றி மாட்டும் 18650 செல் வாங்கினால், பாதுகாப்புச் சுற்று உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். செல்லின் அடியில் காசு போன்ற சிறு மின்தகடு ஒன்று வைத்து உறை போட்டிருப்பார்கள். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலும், அளவுக்குக் கீழே இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். இதனால் செல்லின் நீளம் 3 முதல் 5 மி.மீ. வரை கூடும். டார்ச்சையும் கையோடு கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். இறுக்கமாக இருக்கிறதென்று சிலர் அந்தத் தகட்டைப் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். அதைவிடத் தவறான காரியம் வேறில்லை.

அளவுக்குக் கீழே இறங்குவது ஏன் தீங்கு என்று கேட்கலாம். வெளிச்சம் மங்கி மினுக்கும் வரை எரியவிட்டால் சாதாரண லித்தியம் செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் நீண்ட நாள் கிடந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் உண்டாக்கும். எப்போதோ தீர்ந்துபோய் மூலையில் கிடந்த டார்ச்சைத் தேடி எடுத்து சார்ஜில் போடும்போது விபத்து நேர்வது இதனால்தான். மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழ் காட்டும் செல்லை உயிர்ப்பிக்க முயல வேண்டாம்.

இரண்டு, மூன்று செல்களை அடுக்கிப் போடும் டார்ச்சைவிட ஒற்றைச் செல் டார்ச்சே மேலானது. பல செல்கள் இருந்தால் அதில் நலிந்தது முதலில் தீர்ந்துவிடும். மற்றவை அதைத் தலைகீழாகத் திருப்பி சார்ஜ் ஏற்றத் தொடங்கும். பழைய கட்டையில் இப்படி நடந்தால் கட்டை ஒழுகியது, டார்ச் துருப்பிடித்தது. லித்தியத்தில் தீப்பிடிக்கும். வேறு வழியின்றி அப்படிப்பட்ட டார்ச் வைத்திருப்பவர்கள், ஒரே நாளில் வாங்கிய ஒரே வகைச் செல்களை எப்போதும் ஒன்றாகவே போட்டு ஒன்றாகவே எடுக்க வேண்டும். புதியதையும் பழையதையும் கலக்கவே கூடாது.

சார்ஜ் ஏற்றும்போது

ஈய-அமில பாட்டரி எப்போதும் நிறைந்தே இருக்க விரும்பும்; பாதியில் கிடந்தால் உப்புப் பிடித்துச் செத்துவிடும். அந்தப் பழக்கத்தில் பலர் டார்ச்சை மாலையில் பிளக்கில் சொருகினால் மறுநாள் காலையில்தான் எடுக்கிறார்கள். லித்தியத்துக்கு இது தேவையில்லை. நிறைந்த நிலையிலேயே சூட்டில் வைத்திருந்தால் ஆயுள் குறையும். முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பதும் இதற்குப் பொருந்தாது. பாதி தீர்ந்ததும் ஏற்றிக்கொள்வதே இதற்கு நல்லது. 3,000 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு ஓர் ஆம்பியர் சார்ஜரில் நான்கு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

சார்ஜர், செல்லின் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 4.2 வோல்ட் சார்ஜரில் 3.2 வோல்ட் இரும்பு பாஸ்பேட் செல்லைப் போட்டால் அளவுக்கு மீறி ஏறிக் கெட்டுவிடும். இரண்டு வகையும் வீட்டில் இருந்தால் சார்ஜரின் மேல் பெயின்ட்டால் அடையாளம் போட்டு வைக்கலாம். இதைவிட மோசமான ஒன்று பல ஊர்களில் நடக்கிறது. பழைய ஈய-அமில டார்ச்சில் பாட்டரி செத்ததும், பழுது பார்ப்பவர் அதைக் கழற்றிவிட்டு ஒரு லித்தியம் செல்லை வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறார். மலிவான அந்த டார்ச்சுகளில் பெரும்பாலும் சார்ஜ் நிறைந்ததும் நிறுத்தும் ஏற்பாடே கிடையாது. செல் நிறைந்த பிறகும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும். இப்படி மாற்றிய டார்ச்சுகளை இரவில் சார்ஜில் போட்டுவிட்டு அருகில் குழந்தைகளோடு படுத்துத் தூங்குவதை நினைத்தாலே திகிலாக இருக்கிறது. அப்படி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பாதுகாப்புச் சுற்றோடு கூடிய தனி யு.எஸ்.பி. சார்ஜ் தகட்டையும் சேர்த்துப் போடச் சொல்ல வேண்டும்.

சார்ஜ் ஏற்றும் இடம் சிமென்ட் தரையாகவோ ஓட்டுத் துண்டின் மேலாகவோ இருக்கட்டும். வைக்கோல், சாக்கு, பஞ்சு, உர மூட்டை, டீசல் டின் இவற்றின் அருகே வேண்டாம். மெத்தை மேலும் தலையணைக்கு அடியிலும் வைத்து ஏற்றவே கூடாது. கையால் தொட்டால் இளஞ்சூடு இருப்பது இயற்கை. கை பொறுக்க முடியாத சூடு என்றால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே வைத்துவிட வேண்டும்.

சில புதிய டார்ச்சுகளில் டைப்-சி துளை இருக்கும். ஆனால் இரு பக்கமும் டைப்-சி முனை உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. பாட்டரி போய்விட்டது என்று எண்ணி அதைத் தூக்கிப் போட வேண்டாம். சார்ஜர் பக்கம் பழைய அகல யு.எஸ்.பி. முனை உள்ள கேபிளைப் போட்டால் ஏறிவிடும்.

வெயில்தான் முதல் எதிரி

லித்தியம் செல்லைக் கொல்வதில் அதிகப் பயன்பாட்டைவிடச் சூட்டுக்கே பங்கு அதிகம். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட மோட்டார் கொட்டகைக்குள் சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்கு ஆள் நிற்க முடியாது. அங்கே ஆணியில் டார்ச்சை மாட்டிவிட்டு வந்தால் பாட்டரி தினமும் வேகிறது. டிராக்டரின் முன் தட்டு, மோட்டார் சைக்கிள் பெட்டி இவையும் அப்படியே. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பது செல் செய்கிறவர்கள் விதிக்கும் எல்லை. வெயிலில் கிடந்த டார்ச்சை நிழலில் ஒரு மணி நேரம் ஆறவைத்த பிறகே சார்ஜில் போட வேண்டும்.

முதுகில் சூரியத் தகடு பதித்த டார்ச்சுகளைப் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தத் தகடு தரும் மின்சாரம் சொற்பம். அதற்காகப் பகல் முழுவதும் டார்ச்சை வெயிலில் போட்டால், ஏறும் சார்ஜைவிடப் பாட்டரிக்கு ஏற்படும் கேடே பெரிது. சூரிய ஒளியில் ஏற்ற விரும்புகிறவர்கள், தகடு வெயிலிலும் டார்ச் நிழலிலும் இருக்கும்படி ஒயர் போட்ட தனித் தகடு வாங்குவதே சரி. அப்போதும் தகட்டை நேராக செல்லோடு இணைக்காமல் சார்ஜ் தகடு வழியாகவே கொடுக்க வேண்டும்.

செல்லைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்ல நேர்ந்தால் மடியில் சில்லறையோடும் சாவியோடும் முடிந்து வைக்கக்கூடாது. செல்லின் வெளிக்கூடு முழுவதுமே எதிர்முனை; மேல் நுனியில் உள்ள நேர்முனைக்கும் கூட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காகித வளையமும் மெல்லிய உறையும்தான். ஒரு சாவி குறுக்கே பட்டால் போதும், தொடையில் தீக்காயம்தான். சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். உறை கிழிந்த செல்லை உபயோகிக்க வேண்டாம்.

வேலை இல்லாத மாதங்களில் டார்ச்சை எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜில் வைப்பது நல்லது, மல்டிமீட்டரில் 3.7, 3.8 வோல்ட் காட்டினால் போதும். பின்மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்தால் பல டார்ச்சுகளில் மின் கசிவு நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய செல்லைச் சோதிக்கவும் மல்டிமீட்டரே போதும். சாதாரண வகையை நிறைய ஏற்றி, நாலைந்து நாள் சும்மா வைத்து அளக்க வேண்டும். 4 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரும்பு பாஸ்பேட் வகை மட்டும் சார்ஜிலிருந்து எடுத்த சிறிது நேரத்திலேயே 3.4 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அது அதன் இயல்பு, குறை அல்ல.

டார்ச்சைப் பொறுத்தவரை, மழைக்கும் சேற்றுக்கும் தாங்கும்படி மூடியில் ரப்பர் வளையம் இருப்பதும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருப்பதும் போதும். நடக்கும் வழிக்கு ஒரு வாட் வெளிச்சமே ஏராளம்.

அப்படியும் ஒரு செல் சீற ஆரம்பித்தால், அல்லது இனிப்பு கலந்த ரசாயன நெடி வந்தால், டார்ச்சைத் திறந்து பார்க்கும் வேலை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எறிய முடிந்தால் வெட்டவெளியில் எறிந்துவிட்டு விலகி நிற்க வேண்டும். வெளிவரும் புகை நச்சுப் புகை. தீப்பிடித்தால் தூரத்திலிருந்து தண்ணீரை நிறைய ஊற்றலாம். சிறு லித்தியம்-அயன் செல்களின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரே நல்லது. அணைந்ததுபோல் தோன்றி மறுபடி பற்றக்கூடும் என்பதால் உடனே கையில் எடுக்கக்கூடாது.

ஆயுள் முடிந்த செல்லைக் கிணற்றிலும் வாய்க்காலிலும் எறிவதும், குப்பையோடு கொளுத்துவதும் கூடாது. 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு பாட்டரியை உற்பத்தி செய்கிறவர்களையும் இறக்குமதி செய்கிறவர்களையும் சேர்ந்தது. இரு முனையிலும் செலோ டேப் ஒட்டி, டப்பாவில் சேர்த்து வைத்திருந்து, டவுனுக்குப் போகும்போது வாங்கிய கடையிலோ மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்திலோ கொடுத்துவிடலாம்.